'நீங்கள்தானா?' என்று கேட்ட போன்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், திருவொற்றியூர் விம்கோ நகரில் நான் குடியிருக்கும் வீட்டில் இது தொடங்கியது. மாடியில் நான். கீழே அப்போது ஒரு கன்டெய்னர் லாரி ஓட்டுநரின் குடும்பம் இருந்தது: அவர், அவர் மனைவி, கல்லூரியில் அந்த ஆண்டுதான் சேர்ந்திருந்த மகள். ராயபுரத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வீடு பற்றாமல் வடக்கே நகர்ந்து வந்தவர்கள். நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மற்றவர்கள் எழுதியதில் பிழை பார்ப்பதே என் வேலையாக இருந்தது. அந்தப் பழக்கத்தில், இதையும் நடந்தது நடந்தபடி சொல்லப் பார்க்கிறேன்.

துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் ஏற்றிப் போய் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிடங்குகளில் இறக்குவது அவர் தொழில். எங்கள் பகுதிக்காரர்களுக்கு இந்த வேலை எப்படிப்பட்டது என்று தெரியும். ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் அதிகம். எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை அசையாமல் கிடக்கும். மணலி, சாத்தாங்காடு பக்கத்துக் காலி மைதானங்களில் டிரெய்லர்கள் ஒன்றின் முதுகில் ஒன்று மூக்கை வைத்தபடி நிற்கும். ஓட்டுநர்கள் வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்குவார்கள். தூங்கும்போது கண்ணாடிக்கு உட்புறம் ஒரு லுங்கியைத் திரையாகக் கட்டிவிடுவார்கள். அந்தத் திரை தொங்கினால் யாரும் கதவைத் தட்டுவதில்லை. இரவெல்லாம் ஓட்டியவனின் தூக்கத்தைக் கலைப்பது அவர்களுக்குள் பெரிய தப்பு. "லுங்கி தொங்குனா ஓனரே வந்தாலும் ஓரமாத்தான் நிக்கணும்கா" என்று அவர் என்னிடம் ஒருமுறை பெருமையாகச் சொன்னார்.

இன்னொரு பெருமை, போனில் இருந்த மேப். அதில் வழி சொல்லும் பெண்குரலுக்கு அவர் வைத்த பெயர் மச்சினிச்சி. வண்டியில் ஏறியதும் அதைத்தான் முதலில் எழுப்புவார். மனைவி அடிக்கடி போன் செய்து விசாரிப்பதைக் கிண்டல் செய்வதற்கும் அந்தக் குரல்தான் உதவியது. "நீ 'எங்க கீற, எங்க கீற'ன்னு கேட்டுக்கினே கீற. என் மச்சினிச்சி ஒரு தபா கேட்டாளா? நான் எங்க கீறேன்னு அவளுக்கே தெரியும்." படிக்கட்டில் நின்று இதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை அவர் வீட்டுக்குப் பேசியிருக்கிறார். லோடு ஏற்றியாயிற்று, துறைமுக வாசலைத் தாண்டிவிட்டேன், தலை ரொம்ப வலிக்கிறது, ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புகிறேன், காலையில் பூசைக்கு வந்துவிடுவேன். அவ்வளவுதான் பேச்சு.

ஞாயிறு காலை, பூசைக்குக் கட்டிய புடவையோடு அவர் மனைவி மாடிக்கு வந்தாள். "அக்கா, நைட்லேர்ந்து ரிங்கு போய்க்கினே கீது, எடுக்க மாட்றாரு. இவரு இப்டி செய்ற ஆளே இல்லக்கா." எங்காவது திரை போட்டுக்கொண்டு தூங்குவார் என்றேன். தலைவலி என்றாரே, மாத்திரை போட்டிருப்பார் என்றேன். அவளும் அப்படித்தான் நினைக்க விரும்பினாள். மகளைக் கூட்டிக்கொண்டு பூசைக்குப் போய்விட்டு வந்தாள்.

நண்பகலில் வண்டியின் உரிமையாளர் வாசலில் வந்து நின்றார். மணலியில் சின்ன ஆபீஸ் வைத்து நாலைந்து டிரெய்லர் ஓட்டும் மனிதர். வண்டியில் பொருத்திய ஜிபிஎஸ் கருவிக்குச் சந்தாவைப் புதுப்பிக்காததால் அது எப்போதோ செத்திருந்தது. கன்டெய்னருக்குள் செல்போன் உதிரிப் பாகங்கள். கிடங்கிலிருந்து அவரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவர் பேசியது தெருவுக்கே கேட்டது.

"சரக்கு போய்ச் சேரல. டோல்கேட்டுல காசு எடுத்த மெசேஜும் வரல. அப்போ வண்டி எந்தப் பக்கம் போச்சு? உள் ரோட்ல ஆந்திராவுக்கு உட்டுட்டானா? நீயே சொல்லும்மா, நான் இன்னான்னு நெனக்கிறது?"

"இன்னா நைனா பேசுற? இத்தினி வருசமா உன் வண்டிதானே ஓட்டுறாரு? ஒரு ஸ்டெப்னி காணாமப் பூட்டுதா? நடுத்தெருவுல நின்னுகினு திருடன்ற?" அவள் குரல் நடுங்கவில்லை. கைதான் கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்த வந்தவர்கள் துணியை உலர்த்தாமல் நின்றார்கள்.

மாலைக்குள் தகவல் இல்லையென்றால் போலீசில் புகார் கொடுப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அப்போது எங்களுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்பது. அது தெரிந்தால் உயிரும் கிடைக்கும், பெயரும் கிடைக்கும்.

"மேப்புக்குத் தெரியும்மா" என்றாள் மகள். "அப்பா லொகேஷன ஆஃப் பண்ணவே மாட்டாரு. அவரு அக்கவுண்டுக்குள்ள போனா எங்க நிக்கிறாருன்னு புள்ளி காட்டும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. சொல்லப்போனால் பெரிய ஆறுதலாகவே இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய நிறுவனங்களில் ஒன்று அவரை நிமிடத்துக்கு நிமிடம் கவனித்துக்கொண்டிருக்கிறது. போய்க் கேட்டால் சொல்லிவிடப் போகிறது.

கணக்கின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. அவருக்கே தெரியாது. எங்கள் பக்கத்தில் இது சகஜம். புதுப் போன் வாங்கும்போது கடைக்காரரே கணக்குத் திறந்து, பாஸ்வேர்டு போட்டு, எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று தட்டிக் கையில் கொடுத்துவிடுவார். சம்மதித்தது யார், எதற்கு என்று வாங்குபவர் கேட்பதில்லை. மூன்று பேரும் நெடுஞ்சாலையில் அவர் போன் வாங்கிய கடைக்குப் போனோம்.

கடைக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். "இந்த ரோட்ல பாதிப் பேருக்கு நான்தான் தொறந்து குடுத்தேன்கா. அத்தினி பேருக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறந்துட்டு வந்து என் உசுர வாங்கக் கூடாதில்ல? ஆனா பாருங்க, இதுவரிக்கும் ஒருத்தன் வந்து கேக்கல. நீங்கதான் போணி."

விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார். தன் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து, அவரே தட்டினார். பாஸ்வேர்டு சரியாக இருந்தது. ஆனால் கதவு திறக்கவில்லை. புதிய கருவியிலிருந்து யாரோ நுழையப் பார்க்கிறார்கள், அது நீங்கள்தானா என்று உங்கள் போனில் ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறோம், 'ஆம், நான்தான்' என்று அதில் தட்டுங்கள் என்றது திரை. எந்தப் போன் எங்கே கிடக்கிறது என்று தேடி வந்தோமோ, அந்தப் போனிலேயே தட்டச் சொன்னது.

வேறு வழி உண்டா என்று கடைக்காரர் தேடினார். உண்டு. ஒரு எண்ணைக் குறுஞ்செய்தியாக அனுப்புவார்கள். அதுவும் அதே போனுக்கு. "பூட்டுக்குள்ளயே சாவிய வெச்சிட்டானுங்க" என்றார்.

வேறு ஒன்றும் தோன்றாமல் கேள்வியை மறுபடி அனுப்பினோம். சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த கடையில் பரோட்டா தட்டும் சத்தம். மகள் கண்ணை எடுக்காமல் அந்த வட்டத்தைப் பார்த்தாள். திடீரென்று வட்டம் நின்றது. நுழைவு மறுக்கப்பட்டது என்று வந்தது. இது நீங்கள் அல்ல என்று உங்கள் போனிலிருந்து தெரிவிக்கப்பட்டுள்ளது. கவலை வேண்டாம், உங்கள் கணக்கைப் பாதுகாத்துவிட்டோம்.

"அப்பா இருக்காரும்மா! அப்பாதான் தட்டிருக்காரு! போன் அவரு கைலதான் கீது!" மகள் தாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளும் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. உடனே அவர் எண்ணுக்குப் போட்டோம். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டோம், எடுக்கவில்லை. மூன்றாவது முறை, நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண்குரல் சொன்னது.

திரும்பி நடக்கும்போது, மெட்ரோ தூண்களுக்குக் கீழே அவர் மனைவி நின்றுவிட்டாள். நெடுநேரம் யோசித்த கணக்கு ஒன்று முடிவுக்கு வந்ததுபோல் என்னைப் பார்த்தாள்.

"இருக்காரு. கேட்டது நாமன்னு தெரிஞ்சி வேணான்னுட்டாரு. அப்பால போன ஆஃப் பண்ணிட்டாரு. அப்படித்தானக்கா?"

இல்லை என்றேன். யார் கேட்கிறார்கள் என்று அந்தக் கேள்வியில் இருக்காது, யாரோ திருடன் என்று நினைத்திருப்பார் என்று விளக்கினேன். சரியான விளக்கம்தான். "அப்போ போன ஏன்கா எடுக்கல?" என்று கேட்டுவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

அன்று மாலை அவருடைய ஓட்டுநர் நண்பர்கள் சிலர் பைக்குகளில் கிளம்புவதாக இருந்தது. மைதானம் மைதானமாகப் புகுந்து, வண்டி வண்டியாகப் பார்க்கலாம் என்று அவர்களாகவே பேசி வைத்திருந்தார்கள். செய்தி அவர்களுக்கும் போயிற்று. "மாமுவே 'நான் இல்ல'ன்னு தட்டிட்டானாமே. வரமாட்டேன்றவன நாங்க எங்கன்னு போய்த் தேடுறது?" என்றார் ஒருவர். அவர் கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். பைக்கைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

திங்கள்கிழமை காவல் நிலையத்தில் எங்களுக்கு முன்பே உரிமையாளரின் புகார் போய்ச் சேர்ந்திருந்தது. ஆளைக் காணோம் என்று சொல்ல வந்த பெண், திருட்டு வழக்கில் தேடப்படுபவனின் மனைவியாகப் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டாள். போன் கடையில் நடந்ததை நான்தான் சொன்னேன். உதவும் என்று நினைத்துச் சொன்னேன்.

"அப்புறம் இன்னாம்மா? ஆளு உசுரோட கீறாரு. கூப்புடுறாங்கன்னு தெரிஞ்சே 'இல்ல'ன்னு அமுத்திட்டு ஆஃப் பண்ணிட்டாரு. இத நீங்களே வந்து சொல்றீங்க" என்றார் அதிகாரி. போன் கடைசியாக இயங்கியது மணலி செல்போன் கோபுரத்தின் எல்லைக்குள் என்ற தகவல் மட்டும் அவரிடம் வந்திருந்தது. அந்த எல்லைக்குள் ஆலைகள் இருக்கின்றன, சடையங்குப்பம் வரை குடியிருப்புகள் இருக்கின்றன, எண்ணவே முடியாத டிரெய்லர்கள் நிற்கின்றன. போனை அங்கே தூக்கிப் போட்டுவிட்டு வடக்கே ஓடியிருப்பார் என்பது அவர் ஊகம். சரியான இடம் வேண்டுமென்றால் அந்த நிறுவனத்துக்கு முறைப்படி எழுத வேண்டும், பதில் வர நாளாகும் என்றார். தப்பாகவோ கெடுதலாகவோ பேசவில்லை. அவர் மேஜையில் அதைப்போல வேறு பல காகிதங்கள் இருந்தன.

அங்கிருந்து மணலிக்கு, உரிமையாளரின் ஆபீசுக்கு ஆட்டோவில் போனோம். புகாரைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்கலாம் என்று. என் போனில் மேப் போட்டேன். சாத்தாங்காடு பக்கம் சாலை முழுக்க அடர்சிவப்பாக இருந்தது. அங்கே நிற்கும் ஓட்டுநர்களின் போன்களை வைத்துத்தான் அந்தச் சிவப்பு வருகிறது என்று எப்போதோ நானே ஒரு கட்டுரையைத் திருத்தியிருக்கிறேன். நெரிசல் அதிகம், வேறு வழியில் போனால் சீக்கிரம் போகலாம் என்றது மேப். வேறு வழியில் போனோம். ஆபீஸ் பூட்டியிருந்தது. உரிமையாளர் வண்டியைத் தேடி ஆந்திர எல்லைப் பக்கம் போயிருந்தார்.

அன்று மாலை அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தைத் திறந்து உட்கார்ந்தேன். நல்ல தமிழில் இருந்தது. ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை. உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுங்கள் என்றது. போன் தொலைந்துவிட்டதா? பாஸ்வேர்டு மறந்துவிட்டதா? கணக்கை யாராவது திருடிவிட்டார்களா? கணக்கு வைத்திருப்பவர் இறந்துவிட்டாரா? கடைசியாக இருந்ததற்குச் சான்றிதழ் இணைக்க ஒரு இடமும் இருந்தது. ஆள் காணாமல் போய்விட்டாரா என்ற கேள்வி மட்டும் எங்குமே இல்லை. தொலைபேசி எண் இல்லை. முகவரி இருந்தது. போனால் வாசல் காவலாளியைத் தாண்ட முடியாது என்று தெரியும். குறை கேட்கும் அதிகாரி என்று ஒரு மின்னஞ்சல் முகவரி கிடைத்தது. காணாமல் போனவரின் விவரம், மனைவியின் சம்மதம், காவல் நிலையத்தின் பெயர், தலைவலி என்று அவர் சொன்னது, எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்குள் அடக்கி எழுதினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக வேறு எதையும் எழுதியதில்லை.

கண்ணிமைக்கும் நேரத்தில் பதில் வந்தது. எங்கள் நிலை புரிகிறதாம். ஆனால் பயனரின் தனியுரிமை அவர்களுக்கு மிகவும் முக்கியமாம். அவருடைய அனுமதி இல்லாமல் அவரைப் பற்றிய எந்தத் தகவலையும் பகிர இயலாதாம். அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தின் ஓரத்தில் லாரி ஓட்டுநர்களுக்கான காப்பீட்டு விளம்பரம் ஒன்று வந்து நின்றது. அன்று காலையிலிருந்து நான் என்னவெல்லாம் தேடினேன் என்பது யாருக்கோ தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்று அவருக்கு மெழுகுவத்தி ஏற்றுவார்கள். ஓட்டுநரின் மனைவியை அவள் நாத்தனார் வந்து கூப்பிட்டாள். அவள் அசையவில்லை. "காணாமப் போனதுக்குத்தான் அந்தோணியாரு. ஓடிப்போனதுக்கு யாரு?" என்றாள். அவள் புருஷனை வெறுக்கத் தொடங்கியது அந்த நாளில்தான் என்று நினைக்கிறேன். வெறுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது என்றும் சொல்ல வேண்டும். வெறுக்க வேண்டுமென்றால் அவர் உயிரோடு இருந்தாக வேண்டுமே.

வியாழக்கிழமை அவரைக் கண்டுபிடித்தார்கள்.

சாத்தாங்காடு பக்கத்து மைதானம் ஒன்றில், மூன்றாவது வரிசையில், முன்னும் பின்னும் வண்டிகள் நெருக்கி நிற்க நடுவில் இருந்தது அந்த டிரெய்லர். எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் சில நிறுத்தங்கள். நாங்கள் ஆட்டோவில் தவிர்த்துவிட்டுப் போன அதே சாலை. கண்ணாடிக்கு உள்ளே நீலக் கட்டம் போட்ட லுங்கி தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டி வெளியே போக வேண்டியிருந்ததால் அதன் ஓட்டுநர் வேறு வழியில்லாமல் கதவைத் தட்டினார். பிறகுதான் வாடையைக் கவனித்தாராம். கன்டெய்னரின் முத்திரை உடையாமல் இருந்தது.

"லுங்கி தொங்கிச்சி. தூங்குறாருன்னு உட்டுட்டோம். போனுகூட அடிச்சிக்கிட்டே இருந்திச்சிங்க. அசதில கெடக்குறான், எழுப்ப வேணான்னு நான்தான் சொன்னேன்." பக்கத்து வண்டி ஓட்டுநர் இதை அவள் காலடியில் உட்கார்ந்து சொன்னார். திருச்சிப் பக்கத்து ஆள். முன்பின் தெரியாதவர். அடக்கம் முடியும்வரை எங்கள் தெருவை விட்டுப் போகவில்லை. உரிமையாளரும் வந்தார். வாசலில் நின்று அழுதார். உள்ளே வரவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை.

மூளையில் இரத்தக் கசிவு என்றார் அரசு மருத்துவமனை மருத்துவர். தலைவலி அதன் தொடக்கமாக இருந்திருக்கும். படுத்துப் பார்க்கலாம் என்று ஓரம்கட்டித் திரை போட்டிருப்பார். வலது பக்கம் முழுக்க விழுந்திருக்கும், பேச்சும் போயிருக்கும். உடனே இறந்திருப்பாரா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வரை உயிர் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

போன் அவருடைய இடது கைக்குக் கீழே கிடந்தது.

அந்தப் போன் வீட்டுக்குத் திரும்பிவர மழைக்காலம் முடிந்துவிட்டது. அதைத் திறக்கத் திரையில் விரலால் போடும் கோலம் மகளுக்குத் தெரியும். அன்று அது அணைந்தது சார்ஜ் தீர்ந்துதான்; ஏற்றித் திறந்தாள். கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை அப்படியே பதிவாகி இருந்தது. 'நீங்கள்தானா?' என்ற கேள்வி போனது, 'இல்லை, நான் அல்ல' என்று தட்டப்பட்டது, கணக்கு பாதுகாக்கப்பட்டது. பேச முடியாமல், ஒரு பக்கம் செத்து, திரைக்குப் பின்னால் கிடந்தவர் முகத்துக்கு நேரே அந்தக் கேள்வி வெளிச்சமாக வந்து நின்றிருக்கிறது. பழக்கமில்லாத இடது கை ஏதோ ஒன்றைத் தொட்டிருக்கிறது. தெரியாமல் பட்டதா, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று பதில் சொல்ல முயன்றதா? தட்டுத் தடுமாறி 'ஆம்' என்பதைத் தேடியதா? மகள் என்னிடம் கேட்டாள். தெரியாமல் பட்டதுதான், அப்போது அவருக்கு நினைவே இருந்திருக்காது என்று அழுத்தமாகச் சொன்னேன். எனக்குத் தெரியாத ஒன்றை உறுதியான செய்தியாகச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

பிறகு அவள் மேப்பைத் திறந்தாள். சனிக்கிழமைக்கு ஒரு கோடு வரைந்து வைத்திருந்தது. துறைமுக வாசல், டீக்கடை, சாலை, மைதானம். மைதானத்தில் கோடு முடிந்து ஒரு புள்ளி. மூன்றாவது வரிசை என்றுகூடச் சொல்லிவிடலாம், அவ்வளவு துல்லியம். அந்தப் புள்ளிக்குக் கீழே, வெறுமையாக ஐந்து நட்சத்திரங்கள். இந்த இடம் எப்படி இருந்தது, மற்றவர்களுக்கு உதவ உங்கள் கருத்தைப் பகிருங்கள்.

அவர் மனைவி போனை வாங்கி அந்தப் புள்ளியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "அந்த டைவருங்க மேல எனக்குக் கோவமே இல்லக்கா" என்றாள். "லுங்கி தொங்கிச்சி, உள்ள இன்னா நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியாது. மரியாதைக்கு உட்டுட்டாங்க. இவங்களுக்குத் தெரியுமே. திரைக்கு உள்ளாறயே இருந்திருக்காங்களே. ஞாயித்துக்கெழம நம்ம கேக்கும்போது இது எல்லாமே தெரியும் இல்ல?"

தெரியும் என்றேன்.

"அப்போ எம் புருசன் என்னிய வேணான்னு சொல்லல. இல்லக்கா?"

சொல்லவில்லை என்றேன். அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இதற்குப் பிறகு நான் நிறைய யோசித்திருக்கிறேன். அந்த விதியே தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அடித்து விரட்டிய கணவன் ஒருவன் போய், என் மனைவி எங்கே இருக்கிறாள் என்று கேட்டால், சொல்லக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதையும் இதையும் பிரித்துப் பார்க்க அங்கே ஒரு மனிதர் வேண்டும். காவல் நிலையத்தில் அதிகாரி எங்களை நம்பவில்லை. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சண்டை போட முடிந்தது. உரிமையாளரைத் தெருவில் வைத்துக் கேள்வி கேட்க முடிந்தது. அந்தோணியாரிடம்கூடக் கோபித்துக்கொள்ள முடிந்தது. எல்லாம் தெரிந்த இடத்தில் மட்டும் கேட்பதற்கு ஆள் இல்லை. எங்கள் சாலையில் பாதிப் பேரின் பூட்டுக்கு இன்னமும் ஒரே சாவிதான். கடைக்காரரிடம் மாற்றச் சொன்னேன். "வந்தா மாத்தித் தர்றேன்கா, யாருமே வர மாட்றாங்களே" என்றார். வந்து மாற்றினால் மட்டும் என்ன ஆகிவிடும் என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

அவர்கள் ராயபுரத்துக்கே திரும்பிப் போய்விட்டார்கள். மகள் மேப் இல்லாமல் வழி கேட்டுக் கேட்டுத்தான் எங்கும் போகிறாளாம். நான் ஒன்றையும் அணைக்கவில்லை. வங்கி, மருந்து, கேஸ் சிலிண்டர், மின்கட்டணம் எல்லாம் இந்தப் போனில்தான் ஓடுகின்றன. புதிதாக எங்காவது நுழையும்போது அது 'நீங்கள்தானா?' என்று கேட்கிறது. நான் எங்கே இருக்கிறேன் என்பது என்னைவிட நன்றாகத் தெரிந்த ஒன்றின் முகத்தில், நான் விழுந்து கிடக்கும் நாளில் அது யாருக்கும் சொல்லாது என்று தெரிந்தே, ஒவ்வொரு முறையும் 'ஆம், நான்தான்' என்று தட்டுகிறேன்.